கம்ப்ரசரும் ஆறு பேட்டரியும்: செயலாளரின் ஆண்டறிக்கை

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராமல் இதைப் பிறகு ஃபோனில் படிக்கப்போகும் பெரும்பான்மை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது, நான்கு முறை கூடியது, இரண்டு முறை கோரத்துக்கு வேண்டிய ஆள் சேராமல் நானும் பொருளாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். புதிதாக ஐந்து பேர் சேர்ந்தார்கள். பிரேக் வேலை பற்றி ஒருநாள் பயிற்சி நடந்தது. தீயணைப்பான் புதுப்பிக்கப்பட்டது. வண்டி தூக்கும் இரண்டாவது லிஃப்டின் ஆயில் கசிவு நிறுத்தப்பட்டது. அவ்வளவுதான்.

மீதி அறிக்கை முழுவதும் ஒரே விஷயம். நம் சங்கத்தின் வண்டி பழுதுபார்க்கும் பொதுப் பட்டறையில், கம்ப்ரசர் அமுக்கித் தரும் காற்றில் ஓடும் கருவிகளைக் குறைத்து பேட்டரிக் கருவிகளுக்கு மாறினோமே, அதுதான். "யாரைக் கேட்டு மாற்றினார்?" என்று மூன்று மாதமாகப் பேச்சு ஓடுகிறது. கூட்டத்துக்கு வந்தவர்களைக் கேட்டுத்தான் மாற்றினேன். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தோடு இருக்கிறது, வேண்டியவர்கள் பார்க்கலாம்.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு விடுமுறை நாளில் கணக்குப் புத்தகம் எழுத நான் தனியாகப் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் வேலை செய்யவில்லை, ஒரு கன்கூட (நட்டு கழற்றும் இம்பாக்ட் ரென்ச்சைத்தான் கன் என்கிறோம்) தொடப்படவில்லை, ஆனால் கம்ப்ரசர் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக எழுந்து தடதடவென்று ஓடி டேங்கை நிரப்பிவிட்டு நின்றது. யாருக்காக ஓடுகிறது? சோப்புத் தண்ணீரைக் கரைத்து பிரஷால் லைன் முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஒன்பது இடத்தில் நுரை வந்தது. குழாயை இணைக்கும் கப்ளர்களில் நான்கு, டேப் சுற்றிய மரைகளில் மூன்று, ரெகுலேட்டரில் ஒன்று, டேங்கின் அடியில் தண்ணீர் திறந்துவிடும் வால்வில் ஒன்று. அந்த வால்வைத் திறந்தபோது துரு கலந்த தண்ணீர் அரை வாளி வந்தது. தினமும் திறந்துவிட வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது, சுவரை யார் படிக்கிறார்கள்.

காற்றை அமுக்கும்போதே நாம் கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகப் போய்விடுகிறது. கம்ப்ரசர் தலையில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதற்கு மேல் கசிவு. பராமரிப்பு இல்லாத லைனில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலேயே போவது சாதாரணம் என்கிறார்கள். எல்லாம் கழித்துப் பார்த்தால், மீட்டரில் ஓடிய பத்து யூனிட்டில் நட்டைத் திருப்புவதற்கு ஒன்று, ஒன்றரை வந்து சேர்ந்தால் பெரிய விஷயம். மின்கட்டணத்தைப் பற்றி என்னைக் கேள்வி கேட்டவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கவும்.

அடுத்து அழுத்தம். டேங்க் கேஜில் 120 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) காட்டுகிறது, பிறகு ஏன் கன் இப்படி இழுக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு சின்ன கேஜைக் காற்றுக் குழாயான ஹோஸுக்கும் கன்னுக்கும் நடுவில் பூட்டி, டிரிக்கரை அழுத்திப் பிடித்தபடி பார்த்தேன். முள் சர்ரென்று இறங்கி 70க்குக் கீழே நின்றது. கையை எடுத்ததும் மறுபடி 110க்கு ஏறிவிட்டது. கன்னுக்கு வேண்டியது, ஓடிக்கொண்டிருக்கும்போது 90 பிஎஸ்ஐ. நம் ஹோஸ் நீளம், ஒல்லி, நடுவில் மூன்று கப்ளர். ஓடாதபோது வருகிற அழுத்தத்தைப் பார்த்து இத்தனை வருடம் ஏமாந்திருக்கிறோம்.

இந்த இடத்தில் நம் மூத்த உறுப்பினர் அண்ணன் எழுந்து, "தம்பி, நீ சொன்னதெல்லாம் ஹோஸில் இருக்கிற குறை, காற்றில் இருக்கிற குறை இல்லை. தடிமனான ஹோஸ் போடு, கசிவை அடை, கன்னுக்குள் காற்றில் சுழலும் பிளேடு தேய்ந்துபோனதை மாற்று, தினமும் நான்கு சொட்டு எண்ணெய் விடு, நீ வாங்கப்போகிற பேட்டரி கன்னுக்கு அப்பனாக இது வேலை செய்யும்" என்றார். அவர் சொன்னது உண்மை, அன்றைக்கே ஒத்துக்கொண்டேன், இப்போது எழுத்திலும் ஒத்துக்கொள்கிறேன். நல்ல காற்று கன் இருபது வருடம் உழைக்கும், பேட்டரி அப்படி உழைக்காது. ஆனால் அந்த நான்கு சொட்டு எண்ணெயைத் தினமும் யார் விடுவது? ஒரே ஆள் நடத்தும் பட்டறைக்கு அண்ணனின் வழிதான் சரி. பலர் பொதுவாகப் பயன்படுத்தும், யாரும் சொந்தமாக நினைக்காத பட்டறைக்கு, பராமரிப்பு குறைவாகக் கேட்கும் கருவிதான் சரி என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில் நான் எங்கே தப்பினேன் என்பது கீழே வருகிறது.

வாங்கியவை: அரை இஞ்ச் இம்பாக்ட் ரென்ச் இரண்டு, அதில் ஒன்று பெரியது, ஒன்று நடுத்தரம். 3/8 இஞ்ச் ராட்செட் ஒன்று. தேய்ப்பதற்கு ஒரு டை கிரைண்டர். இரண்டு சார்ஜர், ஆறு பேட்டரி. எல்லாம் ஒரே கம்பெனி, ஏனென்றால் ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி கருவியில் உட்காராது. கருவி வாங்குவது ஒருநாள் செலவு, பேட்டரி எந்தக் கம்பெனி என்று முடிவுசெய்வதுதான் பத்து வருடச் சம்பந்தம்.

18 வோல்ட் வாங்கியதற்கு, "20 வோல்ட் கிடைக்கும்போது பழசை வாங்கிவிட்டார்" என்று ஒருவர் சொல்லித் திரிந்தார். உள்ளே இருப்பது இரண்டிலும் ஒன்றுதான். 3.6 வோல்ட் செல் ஐந்து வரிசையாக, அதுவே 18. முழுதாக சார்ஜ் ஏறியவுடன் 20 காட்டும், அதைப் பெட்டியில் அச்சடித்தால் 20 வோல்ட். எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்குப் பார்க்க வேண்டியது ஆம்பியர் அவர். நம்முடையது 5, அதாவது 90 வாட் அவர்.

மூத்தவர்களின் சந்தேகத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். கம்பியில்லா டிரில் 1961லேயே கடைக்கு வந்துவிட்டது, ஆனால் அது நிக்கல் காட்மியம் காலம். ஒரு ஓட்டை போடுவதற்குள் முனகி நிற்கும் கருவிகளைப் பிடித்த கைகள் அவை. லித்தியம் அயனி பேட்டரி விற்பனைக்கு வந்ததே 1991ல்தான், அது கன்னுக்குள் வந்து காற்றோடு போட்டி போட இன்னும் பல வருடம் பிடித்தது. கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் வந்த பிறகுதான் ஆட்டம் மாறியது.

முதல் வாரத்தில் துருவேறிய ஹப் நட் ஒன்று வந்தது. பழைய காற்று கன்னால் ஒரு நிமிடம் அடித்தோம், நட்டு அசையவில்லை, கம்ப்ரசர்தான் ஓட ஆரம்பித்தது. பேட்டரி கன்னை வைத்தேன். முதலில் தகதகவென்று அதே இடத்தில் அடித்தது, பிறகு சத்தத்தின் சுருதி சட்டென்று மாறியது, நட்டைச் சுற்றி சிவப்புத் துரு பொடியாகக் கொட்டியது, நட்டு கழன்றது. நான்கு விநாடி இருக்கும். சுற்றி நின்ற இளைஞர்கள் கைதட்டினார்கள். அண்ணன் மட்டும், "புதுக் கன்னையும் பிளேடு தேய்ந்த கன்னையும் மோத விட்டுவிட்டு கைதட்டுகிறீர்களே" என்றார். அதுவும் நியாயம்.

அந்தக் கைதட்டலின் விளைவு அடுத்த மாதம் தெரிந்தது. பெட்டியில் ஆயிரத்துக்கு மேல் நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) என்று போட்டிருக்கும் கன்னால், 100 முதல் 140 வரை கேட்கும் வீல் நட்டை ஒருவர் டிரிக்கரை விடாமல் பிடித்து முறுக்கியதில், நட்டு ஏறும் ஸ்டட் முறிந்தது. இன்னொருவர் பளபளப்பான சாதாரண சாக்கெட்டை மாட்டி அடித்து அது வெடித்து, துண்டு நல்லவேளையாகச் சுவரில் பட்டது. பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் கழற்றும் விசை, முறுக்கும் விசை அதைவிடக் குறைவு, ஆனாலும் வீல் நட்டுக்கு அதுவே பல மடங்கு. எனவே விதி: நட்டைக் கையால் இரண்டு சுற்று ஏற்றி, கன்னைக் குறைந்த வேகத்தில் வைத்து லேசாக உட்கார வைத்து, கடைசியில் அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரென்ச். கறுப்பு இம்பாக்ட் சாக்கெட் மட்டும். முறிந்த ஸ்டட்டின் செலவை இந்தமுறை சங்கம் ஏற்றது. அடுத்தமுறை ஏற்காது.

இப்போது என் தப்பு. கம்ப்ரசரை விற்றுவிடலாம் என்று நான் கூட்டத்தில் பேசியது உண்மை. நல்லவேளை, வாங்க யாரும் வரவில்லை. டயருக்குக் காற்று, பெயின்ட் ஸ்பிரே, தூசு ஊதுவது, இதற்கெல்லாம் பேட்டரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கன் விட்டுவிட்டு அடிப்பது, அதற்குப் பேட்டரி போதும். கிரைண்டர் நிற்காமல் ஓடுவது. நம் பேட்டரி டை கிரைண்டர் வெல்டிங் தையலைத் தேய்க்கும்போது கொஞ்ச நேரத்தில் சூடேறித் தன்னையே அணைத்துக்கொண்டது, ஆறும்வரை மூன்று பேர் அதை வேடிக்கை பார்த்தோம். எடையும் ஒன்று இருக்கிறது. பெரிய கன் பேட்டரியோடு மூன்று கிலோவை நெருங்குகிறது, தலைக்கு மேல் பிடித்து சைலன்சர் போல்ட் கழற்றினால் தோள் சொல்லும். சத்தம் குறையும் என்று வாக்குக் கொடுத்ததும் நான்தான். கம்ப்ரசர் சத்தம் குறைந்தது, ஆனால் கன்னின் சுத்தியல் சத்தம் அப்படியேதான் இருக்கிறது, காதுக்கு மூடி போடுங்கள். இன்னொன்று, பெட்ரோல் டேங்க், பெட்ரோல் லைன் வேலை நடக்கும் இடத்துக்குப் பேட்டரிக் கருவி வரவே கூடாது.

ஆக, கம்ப்ரசர் இருக்கிறது. ஒன்பது கசிவையும் அண்ணனே இரண்டு நாள் உட்கார்ந்து அடைத்தார், ஒரு பைசா வாங்கவில்லை. வேலை முடிந்ததும் மெயின் வால்வை மூடிவிடுகிறோம். விடுமுறை நாளில் இப்போது பட்டறை அமைதியாக இருக்கிறது. நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது இது.

அப்புறம் பேட்டரி. ஆறு வாங்கினோம், நான்கு இருக்கிறது. "நடுவழியில் வண்டி நின்றுவிட்டது, நாளை தந்துவிடுகிறேன்" என்று எடுத்துப்போனவர்கள் பதிவேட்டில் எழுதவில்லை. எழுதாததால் யார் என்று எனக்குத் தெரியாது, அல்லது தெரியாது என்று வைத்துக்கொள்வோம். ஹோஸ் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. கம்ப்ரசரை யாரும் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது.

மீதி நான்கின் நிலையையும் சொல்கிறேன். ஒன்று வெயிலில் கார் டிக்கியில் ஒரு வாரம் கிடந்து வந்தது, அன்றிலிருந்து சீக்கிரம் காலியாகிறது. ஒன்று கீழே விழுந்து மூலை பிளந்திருக்கிறது, அதை நான் ஒதுக்கி வைத்துவிட்டேன், டேப் ஒட்டி யாரும் எடுக்க வேண்டாம். எண்ணெய்த் துணிக்குவியல் மேல் சார்ஜரை வைத்தவர் யார் என்று கேட்கவில்லை, இனி வைக்க வேண்டாம். அடித்து முடித்த சூட்டோடு சார்ஜரில் செருகாதீர்கள், கொஞ்சம் ஆறட்டும். நீண்ட நாள் சும்மா இருக்கப்போகும் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைப்பது நல்லது. முழுக்கக் காலியாக விட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டால், செல்லின் வோல்டேஜ் எல்லைக்குக் கீழே இறங்கி, பிறகு சார்ஜரே அதை ஏற்றுக்கொள்ளாது. காணாமல்போன இரண்டு பேட்டரியும் எங்கே இருந்தாலும், அவை இருக்கும் வீட்டில் இந்த வாக்கியத்தை யாராவது படித்துக் காட்டவும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாக: வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்த அளவு, நடுவில் உள்ள பள்ளத்தைப் பழைய கையிருப்பு நிரப்பியது, அந்தக் கையிருப்பு இனி பெரிதாக இல்லை. பட்டியலில் 41 பேர் இருக்கிறோம், முழு ஆண்டுச் சந்தா கட்டியவர்கள் 17 பேர். பேட்டரி கன்னை எடுத்தவர்கள் பதிவேட்டின்படி 26 பேர். எழுதாமல் எடுத்தவர்கள் தனி.

தலைவருக்கு நன்றி. பொருளாளருக்கு நன்றி. பயிற்சி நடத்தியவருக்கும், இடத்தைச் சுத்தம் செய்துதந்தவர்களுக்கும் நன்றி. அண்ணனுக்கு நன்றி மட்டும் போதாது, அவர் கேட்ட தடிமன் ஹோஸை வாங்கித் தர வேண்டும், பணம் இருந்தால்.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்புக்கு நான் நிற்கப்போவதில்லை என்று நினைத்திருக்கிறேன். போன ஆண்டும் இப்படித்தான் சொன்னேன், வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை. யார் வந்தாலும், இரண்டு வருடத்தில் பேட்டரிகள் தளர ஆரம்பிக்கும், அதற்கு இப்போதே ஒரு நிதி ஒதுக்கவில்லை என்றால் கருவிகள் வெறும் எடைக்கல்லாக அலமாரியில் உட்கார்ந்திருக்கும். சந்தா அதற்குத்தான், என் கைச்செலவுக்கு இல்லை.

சார்ஜர் அலமாரியில் ஆறு இடம் பிரித்து எண் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாவதும் ஐந்தாவதும் காலி. பட்டறைச் சாவி என்னிடமும் பொருளாளரிடமும் மட்டும்தான் இருக்கிறது, ஆனால் பின்பக்க ஜன்னலுக்கு இந்த மாதம் முழுக்க நான் கொக்கி போடப்போவதில்லை, வெளியே நின்று கையை நீட்டினால் உள்ளே மேஜை எட்டும். இரவு எட்டுக்கு மேல் அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை.

இப்படிக்கு,
செயலாளர்