பொழிப்பாளர் என்ற சொல்லுக்காக ஒரு மனு

பெருமதிப்பிற்குரிய கலைச்சொல்லாக்கக் குழுவினருக்கு,

வணக்கம். பாரிமுனையில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். ஒருவர் சொன்னதைப் பொருள் மாறாமல் வேறு சொற்களில் சொல்பவருக்கு ஆங்கிலத்தில் 'பாராஃபிராஸ்ட்' என்று பெயர். கிரேக்கத்தில் 'பாரா' என்றால் பக்கத்தில், 'ஃப்ராஸெய்ன்' என்றால் சொல்லுதல். மூலத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காராமல், அருகில் நின்று சொல்பவர் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இதற்கு 'மறுகூற்றாளர்' என்று எழுதுகிறார்கள். நீதிமன்ற வாசலில் பழகிய என் காதுக்கு அது மறுப்புரை போல ஒலிக்கிறது. 'மொழிபெயர்ப்பாளர்' என்பதும் பொருந்தாது. கும்பெனிக் காலத்தில் எங்கள் ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த துபாஷிகள், 'இருமொழியர்' என்னும் தம் பெயருக்கேற்ப மொழியை மாற்றினார்கள்; நான் தமிழைத் தமிழாகவே எழுதுகிறேன்.

காசிமேட்டு அம்மா ஒருவர், "ஊட்டுக்காரரு போட்டு மழைல அட்ச்சினு பூட்ச்சுப்பா, இன்னும் துட்டு வரல" என்றார். 'பலத்த மழையில் என் கணவரின் படகு முற்றிலும் சேதமடைந்தது' என்று எழுதிப் படித்துக் காட்டினேன். "ஒடஞ்சிச்சின்னு நான் எங்கப்பா சொன்னேன்? போயே பூட்ச்சு!" என்று அதட்டினார். எழுதியதை அடித்துவிட்டு, 'அடித்துச் செல்லப்பட்டது' என்று திருத்தினேன். சேதமடைந்த படகுக்கும் காணாமற்போன படகுக்கும் இழப்பீடு ஒன்றா என்ன?

பழைய இலக்கண உரைநூலான இறையனார் அகப்பொருள் உரை, ஒரு நூலுக்குப் பொருள் உரைக்கும் முறையைக் கருத்துரைத்தல், கண்ணழித்தல், பொழிப்புத் திரட்டல், அகலங் கூறல் என நான்காக வகுக்கிறது. சொல்சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்லும் கண்ணழித்தலுக்கும், வினா எழுப்பி விடை தந்து விரிக்கும் அகலத்துக்கும் நடுவே, பிரித்த பொருளைத் திரட்டி ஒரே ஓட்டமாகச் சொல்லும் பொழிப்பு நிற்கிறது. நான்கையும் செய்பவர் உரையாசிரியர். அவ்வளவு பெரிய பட்டம் எனக்கு வேண்டாம். பொழிப்பு என்றால் சுருக்கம்தானே என்று சிலர் கேட்கக்கூடும். திரட்டுவதற்காக எதையும் விட்டுவிட வேண்டியதில்லை. குறளுக்குப் பொழிப்புரை எழுதிய பிள்ளைகள் எல்லோருக்கும் இச்சொல் ஏற்கெனவே பழக்கம்.

ஆகவே 'பொழிப்பாளர்' என்ற சொல்லை ஏற்குமாறும், அதன் விளக்கத்தில் 'கூட்டாமலும் குறைக்காமலும்' என்பதைச் சேர்க்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பாரிமுனை மனு எழுத்தர் ஒருவர்