காய விட்டால்தான் மின்னும்

சாட்ஸ்வொர்த், டர்பன்
ஆகஸ்ட் 28

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கேக் மேல் வைக்க நீ ஐசிங்கில் செய்த ஷூவின் வடிவம் அருமையாக வந்திருக்கிறது, ஹீல் வளைவில் சொல்ல ஒரு குறையும் இல்லை. பளபளப்புதான் மூன்று இடத்தில் காலை வாரிவிட்டது. ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருப்பது நீ உருட்டும்போது தூவிய கார்ன்ஃப்ளவர். பக்கவாட்டில் விரல் ரேகை பதிந்திருப்பதற்குக் காரணம், உள்ளே காயாமலே பூசியது. மேலே எண்ணெய் வடிந்ததுபோல் ஈரமாக நிற்பது கோல்டன் சிரப். வோட்காவில் அதைக் கலந்து பூசினேன் என்று எழுதியிருக்கிறாயே, அது இன்னும் ஒரு மாதம் ஆனாலும் காயாது. அந்தப் பாகில் சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைந்திருக்கும். ஃப்ரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தேனும் அதே ரகம்தான்.

இந்த ஷூவைப் பழக்கத்துக்கு வைத்துக்கொள். புதிதாக ஒன்று செய். அக்கா மகளின் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

முதலில் ஐசிங். பாக்கெட்டில் ஃபாண்டன்ட் என்று போட்டிருந்தாலும் நம் ஊர்க் கடைக்காரர் பிளாஸ்டிக் ஐசிங் என்று கொடுத்தாலும் இரண்டும் ஒன்றே. வெள்ளையை வாங்கிக் கறுப்பாக்க முயலாதே. கறுப்பு வரும்வரை ஜெல் கலரை ஊற்றினால், அதிலுள்ள கிளிசரின் ஐசிங்கைக் காயவே விடாது. கறுப்பாகவே விற்பதை வாங்கு. 250 கிராமுக்குத் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் டைலோஸ், அதாவது ஐசிங்கை இறுகவைக்கும் பொடி, சேர்த்துப் பிசைந்து, இறுகச் சுற்றி ஓர் இரவு வை. பிசையும்போதும் உருட்டும்போதும் மாவு தூவக் கூடாது. கையிலும் பலகையிலும் ஹோல்சம் மாதிரி வெள்ளைக் கொழுப்பைத் துடைத்தெடுத்தது போலத் தடவினால் போதும். வெள்ளை நிறத்துக்கு மாவு தெரியாது, கறுப்புக்கும் சிவப்புக்கும் காட்டிக்கொடுத்துவிடும். கொழுப்பு அதிகமானாலும் ஆபத்துதான், அதன் மேல் பூச்சு ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும்.

அங்கே ஜொஹானஸ்பர்க்கில் செப்டம்பர் வரைக்கும் வறண்ட காற்று. வெட்டி வைத்த ஐசிங் ஐந்து நிமிடத்தில் தோல் கட்டிக்கொள்ளும், வளைத்தால் யானைத்தோல் மாதிரி சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தை எந்தப் பூச்சும் மறைக்காது, இன்னும் எடுப்பாகக் காட்டும். அதனால் ஒரு பாகத்துக்குத் தேவையானதை மட்டும் வெளியே எடு, மீதி பிளாஸ்டிக் பைக்குள் இருக்கட்டும்.

இப்போது காயவிடுவது. நீ அவசரப்பட்டது இங்கேதான். அடித்தகடு மூன்று நான்கு மில்லிமீட்டர் கனம் இருந்தால் உங்கள் ஊரில் இரண்டு நாள் வேண்டும். இங்கே மழை நாளில் நாலைந்து நாள்கூட ஆகும். ஸ்பாஞ்ச் மேல் வைத்து, காலையும் மாலையும் திருப்பிப் போடு. தட்டில் வைத்தால் அடிப்பக்கம் ஈரமாகவே கிடக்கும். ஃபேன் போடலாம், ஓவன் கூடாது. சூட்டில் வெளியே இறுகி உள்ளே இளகும், பிறகு வெடிக்கும். காய்ந்துவிட்டதா என்று தெரிய நகத்தால் மெல்லத் தட்டிப் பார். கூரை ஓட்டைத் தட்டினது போலச் சத்தம் வரவேண்டும். உள்ளே ஈரத்தை வைத்து மேலே பூசி மூடினால் அந்த ஈரம் வெளியேறப் பார்த்து, பூச்சைக் கொப்பளமாகத் தூக்கும், இல்லையென்றால் மங்கச் செய்யும்.

காய்ந்த பிறகு வழவழப்பாக்கு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேற்பரப்பில் மேடுபள்ளம் இருந்தால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும், அதைத்தான் மங்கல் என்கிறோம். நகம் தேய்க்கும் அட்டை புதிதாக ஒன்று வாங்கி, அதன் மிக நைசான பக்கத்தால் ஓரங்களையும் தையலையும் தேய். உலர்ந்த மெத்தென்ற பிரஷால் தூசியைத் தட்டு. பிறகு ஆவி காட்டு. துணி ஸ்டீமர் இருந்தால் நல்லது. முதல் இரண்டு மூச்சில் அது தண்ணீரைத் துப்பும், அதைத் துணியில் விட்டுவிட்டு, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓர் இடத்தில் இரண்டு விநாடிக்கு மேல் நிற்காமல் நகர்த்திக்கொண்டே போ. உங்கள் ஊர் கடலிலிருந்து 1,750 மீட்டர் உயரம், தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். இந்த வேலைக்கு அது தாராளம். ஆவி மாவுத் தூசியைக் கரைத்து, மேலேயுள்ள சர்க்கரையை லேசாக இளக்கி, பட்டுத்துணி மாதிரி ஒரு மினுமினுப்பைக் கொடுக்கும். பூவுக்கும் வில் ரிப்பனுக்கும் அதுவே போதும். கண்ணாடி போல மின்னுகிற பேட்டன்ட் லெதர் ஷூவுக்குப் போதாது. நாலு மணி நேரம் காயவிட்டு அடுத்த வேலைக்குப் போ.

எதைப் பூசுவது என்பதற்கு முன்னால் யார் சாப்பிடப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். விருந்து செப்டம்பர் 24, ஹெரிடேஜ் டே விடுமுறை. புரட்டாசி பிறந்துவிடும். சமையல் முழுக்கச் சைவம், கேக்கிலும் முட்டை கிடையாது. எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பமும் வருகிறது.

கடையில் கன்ஃபெக்ஷனர்ஸ் கிளேஸ் என்று சின்னக் குப்பியில் விற்கிறதே, பளபளப்புக்கு அதை அடிக்க ஒன்றும் இல்லை. கண்ணாடி போல நிற்கும், ஈரக் காற்றுக்கும் அசையாது, அரை மணிக்குள் காய்ந்துவிடும். ஆனால் அது அரக்கு. இந்தியாவிலும் தாய்லாந்திலும் மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கிற பிசினை ஆல்கஹாலில் கரைத்தது. லேபிளில் ஈ904 என்ற உணவுச் சேர்மான எண் இருக்கும். விரதக்காரருக்குப் பூச்சி ஆகாது, எதிர்வீட்டுக்கு ஆல்கஹால் ஆகாது. ஷூவை யார் தின்னப் போகிறார்கள் என்று நீ கேட்பாய். கேக் வெட்டிய அடுத்த நிமிடம் பிள்ளைகள் ஹீலை ஒடித்து வாயில் போடுவார்கள், பார்த்துக்கொண்டே இரு. ஆல்கஹால் ஆவியாகிவிடும் என்று வாதாடுவதும் வேண்டாம். விருந்துக்குக் கூப்பிட்டவர் மனம் நெருடாமல் சாப்பிட வேண்டும். இதே காரணத்துக்காக ஐசிங் பாக்கெட்டில் விலங்கிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கிறதா என்றும் படித்துப் பார். மார்ஷ்மெல்லோ உருக்கிச் செய்கிற ஐசிங் இந்த முறை வேண்டவே வேண்டாம்.

வேறு ஆர்டருக்கு அரக்கைப் பயன்படுத்தினால் இரண்டு விஷயம் நினைவில் வை. பிரஷைத் தண்ணீரில் கழுவாதே, தூய ஆல்கஹாலில்தான் கழுவ வேண்டும், தண்ணீர் பட்டால் பால் போல வெளுத்துத் திரண்டுவிடும். மழை நாளில் பூசாதே. ஆல்கஹால் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, வெண்புகை மூட்டம் போல நிற்கும்.

குளுக்கோஸ் சிரப்பும் வோட்காவும் சரிக்குச் சரி கலக்கும் முறை நீ செய்ததற்குப் பக்கத்து முறைதான். கோல்டன் சிரப்புக்குப் பதில் பேக்கிங் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் என்றால் உங்கள் ஊரில் ஒரு நாளில் ஓரளவு காயும். இங்கே வந்து இறங்கியதும் மறுபடி பிசுபிசுக்கும். ஆகவே அதுவும் வேண்டாம். எண்ணெய் தடவுவது படம் எடுக்கிற வரைக்கும்தான். பைப்பிங் ஜெல் எப்போதுமே ஈரம், பொம்மைக் குளத்துக்கு ஊற்றலாம்.

நமக்குச் சரியானது கம் அராபிக், அதாவது வேலமரப் பிசின். ஈ414. பேக்கிங் கடையில் பொடியாகக் கிடைக்கும். ஃபோர்ட்ஸ்பர்க் மளிகைக் கடைகளில் கோந்துக் கட்டி வாங்கி இடிக்கலாம் என்று நினைக்காதே. அதே மாதிரி இருக்கும் கோந்து கட்டீரா தண்ணீரில் கரையாது, பாதாம் பிசின் போலக் கூழாக ஊதிக்கொள்ளும். பொடியே வாங்கு.

ஒரு பங்கு பொடிக்கு மூன்று பங்கு தண்ணீர். இந்த ஷூவுக்கும், அதோடு கேக்கில் வைக்கிற ஐசிங் சாவிக்கும் சேர்த்து இரண்டு டீஸ்பூன் பொடி, ஆறு டீஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர். பாதித் தண்ணீருக்குப் பதில் பன்னீர் ஊற்றினால் பிசின் வாடை தெரியாது. தண்ணீரின் மேல் பொடியைத் தூவு, பொடியின் மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டியாகும். கலக்கி அடிக்காமல், கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து அரை மணி நேரம் விடு, தானே கரையும். மெல்லிய துணியில் வடிகட்டி, மேலே நிற்கும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடு. அந்த நுரைதான் பிறகு ஷூ மேல் குமிழியாகத் தெரியும். உங்கள் வறண்ட காற்றில் கம் அராபிக் காய்ந்து நொறுங்கப் பார்க்கும், அதனால் இரண்டு மூன்று துளி லிக்விட் குளுக்கோஸ் சேர். அதற்கு மேல் போனால் மறுபடி பிசுபிசுப்பு. மிச்சத்தை ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம், அதற்குப் பிறகு புளித்துவிடும்.

பூசுவதற்கு அகலமான, மென்மையான, முடி உதிராத பிரஷ். ஷூவைக் கையில் பிடிக்காதே, உள்ளே ஒரு பஞ்சு உருண்டையை அடைத்துக் குச்சியில் நிறுத்து. பிரஷைக் கிண்ண விளிம்பில் வழித்து, குதிகாலிலிருந்து நுனி வரை ஒரே திசையில் இழு. இழுத்த இடத்தில் திரும்பவும் போகாதே. இது தண்ணீர்க் கலவை, இரண்டாம் முறை தேய்த்தால் அடியிலுள்ள சர்க்கரை கரைந்து சாம்பல் நிறமாகக் குழம்பும். விட்டுப்போன இடத்தை அடுத்த பூச்சில் பார்த்துக்கொள்ளலாம். மெல்லிய பூச்சு மூன்று, நடுவில் நாலு மணி நேரம். தடித்த ஒரே பூச்சு ஓரத்தில் வடிந்து சொட்டாக நிற்கும், காய்ந்ததும் விரியும். முதல் பூச்சு முடிந்ததும் ஏமாற்றமாக இருக்கும், ஐசிங் அதைக் குடித்துவிடும். இரண்டாவதில்தான் முகம் தெரிய ஆரம்பிக்கும். அரக்கின் கண்ணாடிப் பளபளப்புக்கு இது ஒரு படி கீழே என்பதை மறைக்கவில்லை, நல்ல பாலிஷ் போட்ட ஷூ அளவுக்கு வரும்.

தங்கச் சாவிக்கு லஸ்டர் என்கிற மினுங்கும் பொடியை இதே கம் அராபிக்கில் குழைத்துக்கொள், வோட்கா தேவையில்லை. சாவியை மஞ்சள் ஐசிங்கில் செய், வெள்ளையில் செய்தால் தங்கம் பச்சையாகச் சோர்ந்து தெரியும். பொடி டப்பாவில் ‘சாப்பிடத் தக்கது’ என்று இருக்க வேண்டும். ‘நச்சில்லாதது’ என்று மட்டும் போட்டிருந்தால் அது அலங்காரத்துக்குத்தான், வயிற்றுக்கு இல்லை. சிவப்புச் செர்ரி செய்கிறாய் என்றால் அதற்கு முதல் பூச்சைத் தேய்க்காமல் ஒற்று, சிவப்பு எப்போதும் ஒழுகத் தயாராக இருக்கும்.

கணக்குப் பார்த்தால் ஷூ 14ஆம் தேதிக்குள் உருவாகிவிட வேண்டும். 19 வரை காயட்டும். 20இல் ஆவி, 21இல் மூன்று பூச்சு, 22 முழுக்கச் சும்மா இருக்கட்டும். 23இல் கிளம்பு.

வழிதான் எனக்குக் கவலை. என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் தாண்டி இறங்க இறங்கக் காற்றில் ஈரம் ஏறும். அலங்காரங்களை அட்டைப் பெட்டியில் வை, மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வேண்டாம். அட்டை ஈரத்தைக் கொஞ்சம் குடிக்கும். ஷூவைச் சுற்றி ஸ்பாஞ்ச் துண்டுகள், மேலே எதுவும் தொடக்கூடாது. ஐஸ் போட்ட கூலர் பாக்ஸ் கூடவே கூடாது. குளிர்ந்த பொருள் டர்பன் காற்றைச் சந்தித்தால் மேலெல்லாம் வியர்த்துக் கொட்டும், கம் அராபிக் கரைந்து வழியும். ஃபிரிட்ஜுக்கும் இதே பேச்சுதான். ஒருவேளை வியர்த்துவிட்டால் துடைக்காதே, தொடாதே, ஃபேனை எதிரில் வை, ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கேக்கை நான் இங்கே செய்து ஐசிங் போட்டு வைக்கிறேன். ஷூவை நேராக அதன் மேல் வைக்க வேண்டாம், அடியில் ஷூ அளவுக்கு வெட்டிய ஒரு கேக் அட்டை வேண்டும், இல்லையென்றால் கேக்கின் ஈரம் அடித்தகட்டை இளக்கிவிடும். அட்டையை நீயே வெட்டிக் கொண்டு வா, அளவு உன்னிடம்தான் இருக்கிறது. கலவையும் பிரஷும் கொஞ்சம் எடுத்து வா, வழியில் உரசினால் இங்கே ஒரு பூச்சு கொடுத்துக்கொள்ளலாம். தாய்மாமன் சீராக வருகிற கேக்காயிற்றே, தட்டில் வைத்துத்தான் உள்ளே கொண்டு போக வேண்டும் என்று உன் அக்கா இப்போதே சொல்லிவிட்டாள். தட்டு பதினாறு அங்குலம். பலகையை அதற்குள் அடங்குகிற மாதிரி எடுக்கிறேன்.

இரண்டாம் பூச்சு காய்ந்ததும் ஜன்னல் பக்கம் வைத்து ஒரு படம் அனுப்பு. ஃபிளாஷ் போடாதே, ஃபிளாஷில் எதுவும் மின்னும்.

அன்புடன்,
அம்மா