கூத்து மேடையில் கைகொடுத்த அண்ணாவுக்கு நன்றி

திருகோணமலைக் கடற்கரையில் எங்கள் நாட்டுக்கூத்து தொடங்கும் முன் கேட்காமலே வந்து உதவிய அண்ணாவுக்கு மனமார்ந்த நன்றி. பெயர் கேட்பதற்குள் போய்விட்டீர்கள்.

வயர்லெஸ் மைக்குகள் தனித்தனியே போட்டால் சுத்தமாகக் கேட்டன. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் ஒரே இரைச்சல். செட் பழுது என்றே யாரும் நினைப்பார்கள். நீங்கள் பார்த்ததுமே பிடித்துவிட்டீர்கள்: அலைவரிசைகள் சம இடைவெளியில் இருந்தன. 600, 601, 602 மெகாஹேர்ட்ஸ் என்று வைத்தால், முதல் இரண்டும் கலந்து உண்டாகும் அலை மூன்றாவதின் மேலேயே போய் விழும். மைக்குகளை அணைத்துவிட்டு, அவற்றின் அலையை வாங்கும் ரிசீவரில் ஸ்கேன் போட்டு, காலியான இடங்களில் ஒழுங்கில்லாத இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக வைத்தீர்கள்.

அப்புறம் மேடைக்குப் பின்னால் தரையில் கிடந்த ரிசீவர்களைத் தூக்கி, ஆட்கள் மறைக்காத உயரத்தில் வைத்து, ஆன்டெனாக்களை வி வடிவில் விரித்தீர்கள். மனித உடம்பு அலையை உறிஞ்சும் என்று பெடியளுக்குச் சொல்லிக்கொண்டே, எங்கள் கூத்து ஆசான் அண்ணாவியாரின் இடுப்பில் வியர்வையோடு ஒட்டிக்கிடந்த, மைக்கின் அலையை அனுப்பும் ட்ரான்ஸ்மிட்டரை உடுப்புக்கு வெளியே மாட்டிவிட்டீர்கள்.

அவர் பாடிய விருத்தம் கடைசி வரிசை வரை ஓர் எழுத்தும் விடாமல் கேட்டது. பெடியளின் கையிலேயே கொடுத்துச் செய்யச் சொன்னீர்களே, அது இன்னும் பெரிய உதவி. அடுத்த கூத்துக்குக் கட்டாயம் வாங்கோ அண்ணா, சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.