உறுதிமொழியைக் கையெழுத்துக்கு முன்னால் காட்டுங்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபிரட்டர்னிட்டி (மாணவர் சகோதரச் சங்கம்), சொராரிட்டிகளின் (மாணவியர் சங்கம்) தேசியத் தலைமைக் குழுக்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒரு ஃபிரட்டர்னிட்டியின் பழைய உறுப்பினன் நான். எது என்று சொல்லப்போவதில்லை. அந்தச் சங்க வீட்டில் என்னை நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். கடவுள் நம்பிக்கை எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

உறுப்பினராகச் சேர்க்கும் சடங்கு நடந்த அந்த ஓர் இரவு மட்டும் இன்னும் உறுத்துகிறது. நிலவறையில் விளக்குகளை அணைத்திருந்தார்கள். மெழுகுவர்த்தி உருகி மேசை விரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. விரித்து வைத்த பைபிள் மேல் ஒவ்வொருவராகக் கை வைத்தோம். மூத்தவர் ஒருவர் வரி வரியாகச் சொல்ல, திருப்பிச் சொன்னோம். கடவுள் பெயர் வந்த இடங்களில் நான் உதட்டை மட்டும் அசைத்தேன். என் இடது பக்கம் நின்ற பையன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். அவனுக்குக் குரல் தழுதழுத்தது. நான் கடவுளை ஏமாற்றவில்லை, என் கணக்கில் அவர் அந்த அறையிலேயே இல்லை. அவனைத்தான் ஏமாற்றினேன்.

இத்தனை வருடம் கழித்து இதை எழுத வைத்தவள் என் அக்கா மகள். இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். சொராரிட்டிகள் புது உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வாரத்தின் நடுவில் போன் செய்தாள். "மாமா, எனக்கு ரொம்பப் பிடிச்ச வீட்டுல பிரார்த்தனையெல்லாம் உண்டுன்னு சொல்றாங்க. என்ன சொல்லணும்னு கேட்டா, அது உள்ள வந்தப்புறம்தான் தெரியும்ங்கறாங்க. சாமி இல்லைன்னு நினைக்கிற நான் போகலாமா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கும் தெரியாதே.

உங்கள் பேட்ஜில் இருக்கும் சிலுவையைக் கழற்றுங்கள் என்று கேட்க வரவில்லை. அது எப்படி வந்தது என்று ஓரளவு படித்திருக்கிறேன். ஆல்ஃபா டவ் ஒமேகா என்ற ஃபிரட்டர்னிட்டி 1865 செப்டம்பரில் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் தொடங்கியது. உள்நாட்டுப் போர் ஓய்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, ஊரே எரிந்து கிடந்தது. போரில் தோற்ற பக்கத்து இளைஞர் ஓட்டிஸ் கிளேஸ்புரூக், வடக்கையும் தெற்கையும் நட்பால் சேர்க்க வேண்டும் என்று கிறிஸ்தவ அன்பை அடித்தளமாக வைத்தார். பிற்பாடு அவர் பாதிரியார் ஆனார், ஜெருசலேமில் அமெரிக்கத் துணைத் தூதராகவும் (கான்சல்) இருந்தார். அந்த பேட்ஜில் உள்ள சிலுவைக்கு அப்படி ஒரு கதை இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1912இல் தீட்டா ஃபை ஆல்ஃபா என்ற சொராரிட்டி தொடங்கியதற்குக் காரணம், கத்தோலிக்கப் பெண்களை மற்ற சொராரிட்டிகள் அவ்வளவாகச் சேர்த்துக்கொள்ளாததுதான். ஒதுக்கப்பட்டவர்கள் கட்டிய வீடு அது. 1968இல் அவர்களே எல்லா மதத்தாருக்கும் கதவைத் திறந்தார்கள். இதிலெல்லாம் கேலி செய்ய எனக்கு ஒன்றும் இல்லை. நாத்திக நண்பர்கள் சிலருக்கு இதில் என்மேல் கோபம்தான், இருக்கட்டும்.

ஆஸ்டினில் 1985இல் தொடங்கிய பீட்டா உப்சிலான் கை என்ற ஃபிரட்டர்னிட்டி மீதும் எனக்கு வழக்கில்லை. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்களுக்கு மட்டும் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதனாலேயே ஃபுளோரிடா பல்கலைக்கழகம் அங்கீகாரம் தர மறுத்தது, விஷயம் நீதிமன்றம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். அந்த வாசலில் நிற்கும் பையனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், அது போதும்.

என் சிக்கல் நடுவில் இருக்கும் வீடுகளோடுதான். எந்த நம்பிக்கை உள்ளவரும் வரலாம் என்று வெளியே சொல்வீர்கள், உள்ளே பைபிள் விரிந்திருக்கும். சடங்கு ரகசியம் என்பதால் முன்கூட்டியே எதுவும் சொல்ல மாட்டீர்கள். சொராரிட்டியில் இது இன்னும் மோசம். கடைசிச் சுற்று முடிந்த கையோடு அந்தப் பெண் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் எழுதிக் கொடுத்த விருப்பப் பட்டியலில் உள்ள ஒரு வீடு அழைப்பு தந்து, அதை அவள் மறுத்தால், அடுத்த பெரிய தேர்வுக் காலம் வரை அதே வளாகத்தில் தேசிய பான்ஹெலனிக் கூட்டமைப்பைச் சேர்ந்த வேறு எந்தச் சொராரிட்டியிலும் சேர முடியாது. என்ன உறுதிமொழி என்றே தெரியாத பதினெட்டு வயதுப் பெண்ணிடம் இதைக் கேட்பது, கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவதுதான்.

உங்கள் சடங்குகளில் பல, ஃப்ரீமேசன்கள் என்ற பழைய ரகசியச் சகோதரச் சங்கத்தாரிடமிருந்து வந்தவை. மெழுகுவர்த்தி, ரகசியக் கைகுலுக்கல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டீர்கள். ஆனால் பெரும்பாலான மேசன் சபைகள் ஒருவரைச் சேர்ப்பதற்கு முன்பே, மேலான ஒரு சக்தியை நம்புகிறாயா என்று நேராகக் கேட்டுவிடும். இல்லை என்பவன் அங்கேயே வீட்டுக்குப் போய்விடலாம். அந்தக் கேள்வியை மட்டும் ஏனோ விட்டுவிட்டீர்கள்!

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கைகுலுக்கலையும் ரகசியச் சொல்லையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உறுதிமொழியில் கடவுள் வருகிறாரா, கிறிஸ்து வருகிறாரா, பைபிள் மேல் கை வைக்க வேண்டுமா என்ற விவரத்தை மட்டும் கையெழுத்துக்கு முன் ஒரு தாளில் கொடுங்கள்.

அப்புறம், எல்லோரும் வரலாம் என்று சொல்லும் வீடுகளில், கடவுள் பெயரில் ஆணையிட முடியாதவர்கள் 'உளமார உறுதி கூறுகிறேன்' என்று சொல்ல வழி வையுங்கள். இது உங்கள் நாட்டுக்குப் புதிது இல்லை. ஜனாதிபதி பதவியேற்புக்கு அரசியல் சாசனம் எழுதி வைத்திருக்கும் வாசகத்திலேயே ஆணையிடுகிறேன், உறுதி கூறுகிறேன் என்ற இரண்டு சொல்லும் உண்டு. பிராங்க்ளின் பியர்ஸ் 1853இல் ஆணையிடாமல் உறுதிதான் கூறினார். அவர் நாத்திகர்கூட இல்லை. தனியார் அமைப்பான உங்களை அந்தச் சாசனம் கட்டுப்படுத்தாது என்பது தெரியும். நாட்டின் தலைமைப் பதவிக்குப் போதுமான சொல் மூன்று மாடி வீட்டின் நிலவறைக்குப் போதாதா என்றுதான் கேட்கிறேன்.

உறுதி கூறுகிறவனால் சடங்கின் புனிதம் கெடும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். உதட்டை மட்டும் அசைத்துவிட்டு வந்தவன் நான். எது கெடுக்கும் என்று என்னைக் கேளுங்கள்.

என் அக்கா மகளுக்குக் கடைசிச் சுற்று சனிக்கிழமை. அந்த வீட்டுக்கு அவள் மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறாள். இன்று புதன், இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பழைய உறுப்பினன் ஒருவன்