திறக்கும் வேகமும் முக்கியம்

ஆசிரியருக்கு வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆடும் ஓர் ஆன்லைன் நகரக் கட்டுமான விளையாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் அரை மணி நேரத்திலேயே சந்தை, துறைமுகம், விமான நிலையம், தினசரிப் போட்டி என்று எல்லாம் திறந்துவிடுகிறது. ‘இங்கே தொடு’ என்று ஓர் அம்புக்குறி விரட்டிக்கொண்டே இருக்கிறது. எது எதற்கு என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. அப்புறம் திடீரென்று, அடுத்த வசதிக்கு நாள்கணக்கில் காத்திரு, இல்லையென்றால் பணம் கட்டு என்கிறது. குழந்தைகளிடம் இப்படிச் செய்வது அநியாயம்.

2015-இல் வந்த ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ என்ற நகரக் கட்டுமான விளையாட்டு, வசதிகளை ஒவ்வொன்றாகத் திறப்பதை எவ்வளவு அழகாகச் செய்தது! தொடக்கத்தில் சாலை, மின்சாரம், தண்ணீர், அப்புறம் வீடும் கடையும் தொழிற்சாலையும் வருவதற்கான இடம், அவ்வளவுதான். சில நூறு பேர் குடியேறிய பிறகுதான் குப்பைக் கிடங்கும் சிறிய மருத்துவ நிலையமும் கைக்கு வரும். பஸ்ஸும் மெட்ரோவும் ஊர் பெருத்த பிறகு. ஆற்றில் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் கழிவுநீரை விட்டால் ஊரே நோயில் படுக்கும். அதை நிதானமாகப் புரிந்துகொள்ள அவகாசம் கிடைக்கிறது. பழகியவர்கள் எல்லாவற்றையும் முதலிலேயே திறந்துகொள்ளவும் வழி உண்டு.

விளையாட்டு அறிமுகம் எழுதுபவர்கள், பணம் கட்டாமல் ஆடினால் வசதிகள் எந்த வேகத்தில் திறக்கின்றன என்பதையும் சேர்த்து எழுதினால் பெற்றோருக்கு உதவியாக இருக்கும்.

– ஒரு வாசகி, மதுரை