பயிற்சி அரங்கிலிருந்து வகுப்பறைக்கு வாருங்கள்

ஆசிரியர்களுக்கான தொழில்நுட்பப் பயிற்சியைத் திட்டமிடும் கல்வித் துறை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். நெடுங்காலம் அறிவியல் ஆசிரியராகவும், பின்னர் சக ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி அளிக்கும் கருத்தாளராகவும் பணியாற்றியவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். புதிய கருவிகள் பள்ளிக்குத் தேவையா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை, அவை வந்துவிட்டன. வந்த கருவியோடு ஆசிரியரைத் தனியே விட்டுவிட்டு நாம் அடுத்த பயிற்சிக்குப் போய்விடுகிறோமே, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. குறையில் என் பங்கையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு பயிற்சி முடிந்து மூன்று வாரங்கள் கழித்து, அதில் கலந்துகொண்ட ஆசிரியை ஒருவரின் வகுப்புக்குச் சென்றிருந்தேன். பயிற்சியின்போது முன்வரிசையில் அமர்ந்து, நான் சொன்ன ஒவ்வொரு படியையும் எண்ணிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவர் அவர். பாடம் மின்சுற்று, பாடவேளை 40 நிமிடம். மடிக்கணினியை ப்ரொஜெக்டரோடு இணைத்தார். சுவரில் நீல நிறத்தைத் தவிர வேறொன்றும் விழவில்லை. குறிப்பேட்டைப் புரட்டினார். நான் சொன்ன 14 படிகளும் அதில் இருந்தன. படம் விழாவிட்டால் என்ன செய்வது என்பது மட்டும் இல்லை, ஏனென்றால் பயிற்சி அரங்கில் எல்லாவற்றையும் காலையிலேயே இணைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் நான் பேசவே தொடங்கியிருந்தேன். கடைசியில் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து வந்து, விண்டோஸ் பொத்தானோடு ‘பி’ எழுத்தைச் சேர்த்து அழுத்தி, ‘டூப்ளிகேட்’ என்பதைத் தேர்ந்தான். படம் வந்தது. அதற்குள் 11 நிமிடங்கள் போயிருந்தன. ஆசிரியை அவனைப் பாராட்டினார், ஆனால் அந்த மடிக்கணினி அதன்பின் பல வாரங்கள் பீரோவை விட்டு வெளியே வரவில்லை என்று பிறகு அறிந்தேன். நான் அனுப்பிய அறிக்கையிலோ, ‘பயிற்சி பெற்றோர்’ பட்டியலில் அவர் பெயர் முறையாக இடம்பெற்றிருந்தது.

படம் விழாதது சிறிய சிக்கல்தான். அதைவிடப் பெரிய பிழை ஒன்றை நான் செய்திருந்தேன். அன்று அவர் பயன்படுத்தியது, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, அறிவியல் சோதனைகளைத் திரையில் செய்துபார்க்க உதவும் ‘ஃபெட்’ திட்டத்தின் மின்சுற்றுச் செயலி. மின்கலம், கம்பி, விளக்கு ஆகியவற்றைத் திரையில் இழுத்துச் சேர்த்தால் சுற்று இயங்கும். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வதும் தெரியும். எந்தப் பொத்தானை அழுத்தினால் எது வரும் என்பதை நான் விரிவாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆனால் மின்சுற்றைக் கற்பித்த எவருக்கும் ஒன்று தெரியும்: தொடரிணைப்பில் உள்ள இரண்டு ஒத்த விளக்குகளில் முதல் விளக்கு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் ‘தின்றுவிடும்’, ஆகவே இரண்டாவது மங்கலாக எரியும் என்றுதான் மாணவர்களில் பலர் நம்புகிறார்கள். சுற்றின் சாவியை (சுவிட்சை) மூடுவதற்கு முன், எந்த விளக்கு பிரகாசமாக எரியும் என்று கேட்டு, ஒவ்வொருவரையும் ஒரு பக்கம் கைதூக்க வைத்துவிட்டு, அதன்பிறகு சாவியை மூடினால்தான் அந்தச் செயலிக்கு வகுப்பில் வேலை இருக்கிறது. இரண்டும் ஒரே அளவில் எரிவதையும், எலக்ட்ரான்கள் சுற்று முழுவதும் ஒரே வேகத்தில் நகர்வதையும் பார்க்கும் மாணவன் தன் நம்பிக்கையோடு மோதத் தொடங்குவான். கேள்வி கேட்காமல் காட்டினால் அது வெறும் வேடிக்கை. இந்தக் கேள்வியைப் பற்றி என் பயிற்சியில் ஒரு வார்த்தைகூட இல்லை.

இப்படி ஆவது ஏன் என்று யோசித்தால், நம் பயிற்சிகள் கருவியின் பெயரில் நடப்பதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. கணிதம், வரலாறு, மொழி, உடற்கல்வி என எல்லாப் பாட ஆசிரியர்களையும் ஒரே அரங்கில் அமர்த்தி ஒரே செயலியைக் காட்டுகிறோம். பாட அறிவும் கற்பிக்கும் முறையும் தொழில்நுட்பமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் ஆசிரியரின் அறிவு இருக்கிறது என்று கல்வி ஆய்வாளர்கள் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இலேயே எழுதினார்கள். பயிற்சிக்குப் பின் வகுப்பறையில் தொடரும் துணை இல்லாவிட்டால் கற்றது வகுப்புக்குள் போய்ச் சேர்வது அரிது என்பதை ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களிலேயே வலியுறுத்தினார்கள். ஆக, தெரியாமல் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு வழியில்லை.

கருவி வந்தால் பள்ளி தானே மாறிவிடும் என்ற நம்பிக்கைக்கும் வயது அதிகம். பள்ளிகளில் புத்தகங்களுக்கு இனி வேலையிருக்காது, திரைப்படமே கற்பிக்கும், பத்தாண்டுகளில் பள்ளி முறை அடியோடு மாறும் என்று 1913-இல் எடிசன் சொன்னார். குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை 2005-இல் நிக்கோலஸ் நெக்ரோபாண்டே அறிவித்தபோதும் ஏறத்தாழ அதே உற்சாகம்தான். அத்திட்டத்தைப் பெரிய அளவில் நடத்திய பெரு நாட்டில், 319 கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவுகள் 2012-இல் வெளிவந்தன. கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மாணவர் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. உருகுவே நாடு வேறொரு வழியையும் முயன்றது. ஆங்கில ஆசிரியர்கள் போதாத அந்நாட்டில், 2012 முதல், தொலைவில் உள்ள ஆங்கில ஆசிரியர் காணொளி வழியே ஒரு வகுப்பை எடுக்க, வகுப்பாசிரியர் உடனிருந்து கவனித்துவிட்டு, அந்த வாரத்தின் மற்ற வகுப்புகளைத் தாமே நடத்தினார். கருவியோடு ஒரு மனிதரும் வகுப்புக்குள் வந்தார் என்பதுதான் எனக்கு அதில் முக்கியமாகத் தெரிகிறது.

ஆகவே என் கோரிக்கை இது: இரண்டு நாள் பயிற்சி என்றால், அதில் ஒரு நாளை அரங்கிலிருந்து எடுத்து, வகுப்பறையில் உடனிருக்கும் பாடவேளைகளாக மாற்றித் தாருங்கள். முதல் பாடவேளையில் துணைக்கு வருபவர் கருவியைப் பார்த்துக்கொள்ளட்டும், ஆசிரியர் பாடத்தை நடத்தட்டும். அடுத்ததில் ஆசிரியரே இரண்டையும் செய்ய, துணைக்கு வந்தவர் பக்கத்தில் நிற்கட்டும். மூன்றாவதில் அவர் பின்வரிசையில் உட்கார்ந்தால் போதும். இதற்கு நிபுணர்களைத் தேட வேண்டாம். பக்கத்துப் பள்ளியில் அதே பாடத்தை எடுக்கும், அதே சிக்கலில் தடுமாறி மீண்ட ஆசிரியரைவிட நல்ல துணை கிடைக்காது. எல்லாம் எளிதாக வந்துவிட்ட என்னைப் போன்றவர்கள் அடுத்தவர் எங்கே இடறுவார் என்பதை மறந்துவிடுகிறோம். துணைக்கு வரும் ஆசிரியருக்கு வாரத்தில் சில பாடவேளைகளை விடுவித்துத் தர வேண்டும் என்பதுதான் இதன் செலவு. வேறு பணியைக் குறைக்காமல் இதையும் சேர்த்துச் செய்யச் சொல்லும் சுற்றறிக்கை வருமானால், அது வராமலே இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு, பலரும் வெளியே சொல்லாதது. கருவி பழுதானால் யார் பதில் சொல்வது என்ற அச்சம். இருப்புப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர் தலையில் அது விழும் என்றால், பூட்டி வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். வகுப்பில் பயன்படுத்தும்போது நேரும் பழுதுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல என்று எழுத்தில் தந்துவிட்டால் பல பீரோக்கள் திறக்கும். வருகைக் கையெழுத்துகளையும் செயலியில் நுழைந்தவர் எண்ணிக்கையையும் கேட்பதை விட்டுவிட்டு, எந்தப் பாடத்தில் எதற்காகப் பயன்படுத்தினீர்கள் என்று கேளுங்கள். இந்தப் பாடத்துக்குக் கரும்பலகையே போதும் என்று ஆசிரியர் சொன்னால் அதையும் ஒரு பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கான பயிற்சி அறிவிப்புகள் இப்போது வரத் தொடங்கியுள்ளன. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். பெயர் புதிது, அரங்கும் நேரமும் பழையவைதான்.

அந்த ஆசிரியையின் வகுப்புக்கு அடுத்த பருவத்தில் மீண்டும் சென்று மூன்று பாடவேளைகள் உடனிருந்தேன். மூன்றாவது நாள் மணி அடிக்கும் முன்பே சுவரில் படம் தயாராக இருந்தது. விளக்குக் கேள்வியை அவரே கேட்டார். வகுப்பில் பெரும்பாலானோர் முதல் விளக்குக்குக் கைதூக்கினார்கள். அவருடைய குறிப்பேட்டில் இப்போது 15-ஆவது படி ஒன்று சிவப்பு மையில் இருக்கிறது. பக்கத்துப் பள்ளிகளுக்குத் துணையாகச் செல்ல அவர் இசைந்திருக்கிறார். வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளை விடுவித்துத் தருமாறு அவர் தலைமையாசிரியர் வழியாக அனுப்பிய விண்ணப்பம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் பயிற்சிகளில் கருத்தாளராக இருந்த ஓர் ஆசிரியர்