உமையாளுக்கு, ரிசைட்டல் உருப்படிகளைப் பற்றி

சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள உமையாள்,

இங்கே நானும் அப்பச்சியும் நலம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதியைக் காதில் வாங்காமல் "சரி ஆத்தா, சரி ஆத்தா" என்பாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிசம்பரில் உன் பியானோ வகுப்பின் முதல் ரிசைட்டல், அதாவது பிள்ளைகள் மேடையேறி வாசித்துக் காட்டும் நிகழ்ச்சி, ஐந்து வயதிலிருந்து பதினொன்று வரை பிள்ளைகள். பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் நல்ல உருப்படிகள்தான். ஆனால் அவை எல்லாமே பிள்ளைகள் இப்போது முட்டி மோதிக் கற்றுக்கொண்டிருப்பவை. மேடைக்கு அது ஆகாது. முன்பே முடித்துவிட்ட உருப்படி ஒன்று ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்கும். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ வர்றேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே வாசிக்குமே, அதைக் கொடு. "இதைப் போன வருஷமே வாசித்தானே" என்று பெற்றவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அன்றைக்கு நாற்காலி வேறு, வெளிச்சம் வேறு, முன்வரிசையில் ஆயா கையாட்டிக்கொண்டிருப்பாள். பிள்ளையின் சாமர்த்தியத்தில் பாதி அங்கேயே போய்விடும். மீதிப் பாதியை வைத்து வாசித்து முடிக்கும்படி இருக்க வேண்டும்.

ஃபர் எலீஸ் இரண்டு பேருக்குப் போட்டிருக்கிறாய். பெற்றவர்கள் கேட்டிருப்பார்கள் என்று தெரியும். காரைப் பின்னால் எடுக்கும்போதுகூட அதுதான் ஒலிக்கிறது, எல்லாருக்கும் தெரிந்த மெட்டு. பீத்தோவன் 1810இல் எழுதி, அவர் காலமாகி நாற்பது வருஷம் கழித்து 1867இல் அச்சானது. குழந்தைகளுக்காக எழுதியதும் இல்லை. முதல் பக்கம் சுலபமாக இருப்பதால் எல்லாரும் ஏமாறுகிறார்கள். நடுவில் வலது கை சரசரவென்று ஓடும் இடமும், அப்புறம் இடது கை ஒரே ஸ்வரத்தை இடித்துக்கொண்டே இருக்கும் இடமும் எட்டு வயதுக் கைக்கு வராது. முதல் பக்கத்தோடு நிறுத்தினால், தெரிந்தவர்கள் மீதி எங்கே என்பார்கள். இருவருக்குமே அதை எடுத்துவிடு.

சின்னதுகளுக்குப் பீத்தோவன்தான் வேண்டுமென்றால் ஒன்பதாம் சிம்பொனியின் அந்த ஆனந்தப் பாட்டு இருக்கிறது. க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, க ரி ரி. ஐந்து விரலை ஐந்து கட்டையில் வைத்தால் நகர்த்தவே வேண்டாம். ஒரே ஓர் இடம்தான் வம்பு: மூன்றாம் வரியின் கடைசியில் கீழ்ப் பஞ்சமம் ஒன்று வரும். அதைப் பிடிக்க வலது கையை இறக்கினால், திரும்பி வரும்போது பிள்ளை வேறு கட்டையில் உட்கார்ந்துவிடும், நான்காம் வரி முழுக்க ஒரு ஸ்வரம் தள்ளிப் போகும். அந்தப் பஞ்சமத்தை இடது கைக்குக் கொடுத்துவிடு. வலது கை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ஐந்து வயது இரட்டையருக்கு நீ ஒன்றும் போடவில்லை. டியாபெல்லியின் 149ஆம் ஓபஸை, அதாவது அந்த எண்ணிட்ட படைப்பைப் பார். 28 உருப்படிகள், நான்கு கைக்கானவை. ஒரு பக்கத்து ஆளுக்கு ஐந்தே ஸ்வரம், மற்றப் பக்கத்து ஆளுக்குத்தான் வேலை. நீ பக்கத்தில் உட்கார்ந்து உன் பங்கை வாசித்தால், பிள்ளை வாசிப்பது பெரிய கச்சேரி மாதிரிக் கேட்கும். தாளமும் உன் கையில் இருக்கும்.

கை அளவையும் பார்த்துக்கொள். ஆக்டேவ், அதாவது ஒரு ஸவிலிருந்து மேல் ஸ வரை, எட்ட முயன்று சுண்டுவிரலை இழுக்கிற பிள்ளையின் தோளைப் பார், காதுவரை ஏறியிருக்கும். பார்டோக் 1908-09இல் ஹங்கேரி, ஸ்லோவாக்கிய நாட்டுப்பாடல்களை வைத்துக் குழந்தைகளுக்கென்று எழுதியவற்றில் ஆக்டேவே வராமல் பார்த்துக்கொண்டார். பல உருப்படிகள் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். கேட்டால் நம் வயலில் யாரோ பாடுகிற மாதிரி இருக்கும். அந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அதிலிருந்து ஒன்று எடு. அவளுக்கு நீ போட்டிருக்கும் மினுவெட் என்ற நடன உருப்படியும் நல்லதுதான், பாக் தன் மனைவிக்குக் கொடுத்த 1725ஆம் வருஷத்து நோட்டுப் புத்தகத்தில் இருப்பது. ஆனால் நிகழ்ச்சித் தாளில் பாக் பெயரைப் போடாதே, எழுதியவர் பெட்சோல்ட். வாசித்தால், ஒவ்வொரு பாதியையும் இரண்டு தரம் வாசிப்பதா ஒரு தரமா என்று இப்போதே முடிவு செய். அதை அன்றைக்கு என்று விட்டுவைத்த பிள்ளைகள்தான் நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பர்க்முல்லரின் அரபெஸ்க் கேட்கிறானே எட்டு வயதுப் பையன், அவனை மறுக்காதே. பிள்ளையாகவே வாய்விட்டுக் கேட்பது அபூர்வம். பர்க்முல்லர் அதில் முதலில் வலது கையை ஓட விடுவார். நடுவில் அதே ஓட்டம் இடது கைக்கு வரும். அந்த இடத்தை அவன் எந்த வேகத்தில் தடங்கலில்லாமல் வாசிக்கிறானோ, அந்த வேகத்தில்தான் முதல் வரியைத் தொடங்க வேண்டும். மேடையில் தலைகால் தெரியாமல் தொடங்குவான், அதனால் தொடங்குவதற்கு முன் நடு இடத்தை மனசுக்குள் ஒரு தரம் பாடிப் பார்க்கப் பழக்கு. இடது கை இன்னும் தேறவில்லை என்றால் ஷூமனின் முரட்டுக் குதிரைக்காரனை வாசித்துக் காட்டு, மனசு மாறினாலும் மாறுவான். மூத்த மகள் மாரியின் ஏழாவது பிறந்தநாளுக்கென்று 1848இல் ஷூமன் தொடங்கிய தொகுப்பில் வருவது அது, தொகுப்பில் மொத்தம் 43 உருப்படிகள். ஓரிடத்தில் உட்காராத பையன்களுக்கு அந்தக் குதிரை சரியாகப் பொருந்தும்.

எல்லாருக்கும் இப்படியே செய். நீயே மூன்று உருப்படிகளைப் பொறுக்கி, வாசித்துக் காட்டி, எது வேண்டுமென்று பிள்ளையிடம் கேள். மூன்றுமே உனக்குச் சம்மதமானவையாக இருக்கட்டும்.

இன்னொன்று. உன் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் கீபோர்டில்தான் பழகுகிறார்கள் என்றாய். 61 கட்டையில், தொட்டாலே சத்தம் வரும் கருவியில் பழகிய விரல், மண்டபத்துப் பியானோவில் மெதுவாக வாசிக்கப் போனால் சத்தமே எழும்பாது. அந்தப் பிள்ளைகளுக்கு மிக மென்மையான உருப்படி வேண்டாம், நன்றாக அழுத்தி வாசிப்பதாகக் கொடு. மண்டபத்தையும் ஒரு தரம் போய்க் கைதட்டிப் பார். நம் வீட்டுக் கல்யாணக் கொட்டகையில் ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புச் சுவருமாக இருப்பதால் பெடல் போட்டால் எல்லாம் கூழாகிவிடும், அதனால் இங்கே விட்டு விட்டு வாசிக்கிற உருப்படிகளையே பொறுக்குவேன். கால் எட்டாத பிள்ளைக்கு இங்கே மனைப்பலகையை வைப்போம். அங்கே உறுதியான பெட்டி எதையாவது வை. கால் தொங்கினால் கையும் ஆடும்.

சினிமாப் பாட்டு கேட்கிறார்களாம். எனக்கு விரோதம் ஒன்றுமில்லை, ஆனால் கமகத்தில் உயிரை வைத்திருக்கிற மெட்டு பியானோவில் செத்துப்போகும். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே விரலால் எதுவும் செய்ய முடியாதே. நம் சங்கீதம் வேண்டுமென்றால் தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் இருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டு இசையைக் கேட்டு அவர் அமைத்தவை, கமகம் கிடையாது, சங்கராபரணத்தில் வெள்ளைக் கட்டையிலேயே போய்விடலாம். 'ச்யாமளே மீனாக்ஷி'யை ஸ ஸ ப ப த த ப என்று ஒரு பிள்ளை வாசித்தால், சிங்கப்பூரில் உள்ளவர்கள் ட்விங்கிள் ட்விங்கிள் என்பார்கள், நம்மவர்கள் தீட்சிதர் என்பார்கள். நிகழ்ச்சியை 'சக்தி ஸஹித கணபதிம்' என்று தொடங்கு. பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் பிறந்தவள் வேறு எதைக் கொண்டு தொடங்குவாய்?

சிறியவர்கள் முதலில், பெரியவர்கள் பின்னால். மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. கம்பன் விழாவைப் பார்த்து வளர்ந்தவள் நீ, போட்ட நேரத்துக்குத் தொடங்க உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெய்வானையைக் கடைசியில் வைத்திருக்கிறாயே, அது வேண்டாம். டீச்சர் மகள் என்று எல்லார் கண்ணும் அவள் மேல்தான் இருக்கும். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கூட்டத்தோடு கூட்டமாக வாசித்துவிட்டு இறங்கட்டும்.

மாப்பிள்ளையின் சிநேகிதர் சிங்கப்பூருக்குத் திரும்புகிறாராம். அவரிடம் மனகோலமும் சீப்புச் சீடையும் கொடுத்தனுப்புகிறேன். எல்லாரும் வாசித்து முடித்த பிறகு கொடு, எண்ணெய்க் கையோடு யாரும் பியானோவைத் தொட வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்த ஏழு வயதுப் பெண்ணுக்கு என்ன கொடுப்பது என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அவள் ஏதாவது வாசிக்கும்போது ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து அனுப்பு. முகம் வேண்டாம், கை தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
ஆத்தா